கம்பெனி விதையை எடுத்து வைக்கலாமா, விற்கலாமா?

நம் நாட்டில் செடிக்கோ விதைக்கோ காப்புரிமை கிடையாது. 1970 காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவு அதைத் தெளிவாக மறுக்கிறது. கம்பெனிகள் ரகத்தைப் பதிவு செய்வது 2001 பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தில். மரம், கொடிகளுக்கு 18 ஆண்டு, மற்றப் பயிர்களுக்கு 15 ஆண்டு வரை அந்தப் பாதுகாப்பு நிற்கும். ஆனால் அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு, பதிவான ரகத்தின் விதையையும் விவசாயி எடுத்து வைக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம் என்கிறது. பாக்கெட்டில் என்ன அச்சடித்திருந்தாலும் இந்த உரிமை போகாது.

மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான்: பெயர் போட்டு விற்பது. மேலூரில் பக்கத்து வயல்காரருக்கு ஒரு மூட்டை விதைநெல் கொடுங்கள், காசும் வாங்குங்கள். சாக்கின் வாயில் ரகப் பெயர் எழுதிய அட்டையைத் தைக்காதீர்கள். கம்பெனியின் காலிப் பையில் நிரப்பவே கூடாது. கடை வைத்து விதை விற்க உரிமம் வேண்டும், அது தனி விஷயம்.

சட்டம் விட்டாலும் ஹைபிரிட் (வீரிய ஒட்டு ரகம்) விடாது. ஹைபிரிட் தக்காளியில் விதை எடுத்துப் போட்டால் ஒரு செடி உருண்டை, ஒரு செடி நீளம், ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையில் அதை ஒரே பெட்டியில் போட்டு நல்ல விலை கேட்க முடியாது. விதை எடுக்க நினைத்தால் பெரியகுளம் 1 போன்ற, ஹைபிரிட் அல்லாத தக்காளி ரகத்தை வாங்குங்கள். நோயில்லாத செடியில் நன்கு பழுத்த பழத்தைப் பிழிந்து, சாற்றோடு பிளாஸ்டிக் வாளியில் 24 முதல் 48 மணி நேரம் புளிக்க விடுங்கள். அதற்கு மேல் போனால் விதை வாளியிலேயே முளைவிடும். அலசும்போது மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்குவதை நிழலில் உலர்த்துங்கள்.

ஒப்பந்தச் சாகுபடி என்றால் இன்னும் கவனம் வேண்டும். தான் பதிவு செய்த உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதற்காகக் குஜராத்தில் சில விவசாயிகள் மேல் பெப்சிகோ கம்பெனி வழக்குப் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் 2019 மே மாதம் வாபஸ் வாங்கியது. கையெழுத்துப் போடும் முன் மூன்றைக் கேளுங்கள்: மிச்ச விதை யாருக்கு, கழிக்கப்பட்ட விளைச்சலை வெளியே விற்கலாமா, தரம் பார்ப்பது யார்? பதில் தமிழில், எழுத்தில், உங்கள் கையில் ஒரு பிரதியாக இருக்கட்டும்.

பில், குவியல் எண் (லாட் நம்பர்) உள்ள காலிப் பாக்கெட், ஒரு பிடி விதை, இவற்றை அறுவடை முடியும் வரை தூக்கிப் போடாதீர்கள். பதிவான ரகம் சொன்னபடி விளையாவிட்டால் இழப்பீடு கேட்க 39(2) பிரிவு வழி தருகிறது. முளைப்பு சரியில்லை என்றால் உழுது போடும் முன்பே விதை ஆய்வாளரிடம் எழுதிக் கொடுத்து வயலைக் காட்டுங்கள். உழுதபின் காட்ட ஒன்றும் இருக்காது.

பருத்தியில் களைக்கொல்லி தாங்கும் விதை என்று பில் இல்லாமல் கொடுத்தால் வாங்காதீர்கள். அதற்கு அரசு அனுமதி இல்லை. நஷ்டமானால் கேட்க நாதியும் இல்லை.