மலை ஊரில் நூலகம்: பெண்களுக்காகத் தொடங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேபாளத்தின் சோலுகும்பு மாவட்டத்தில் ஜுன்பெசி என்று ஒரு ஷெர்பா ஊர். மலையேற்றப் பயணங்கள் நடத்திய அமெரிக்கரான அன்டோனியா நியூபாவர், "உங்கள் ஊருக்கு என்ன வேண்டும்?" என்று தன் வழிகாட்டியைக் கேட்டார். நூலகம் வேண்டும் என்று பதில் வந்தது. 1991-இல் அங்கே நூலகம் வந்தது. அந்த முயற்சிதான் ஊர்களில் நூலகம் அமைக்கும் ரீட் நேபாளம் என்ற அமைப்பாக வளர்ந்தது. இதைக் கேட்டுவிட்டு, கட்டடமும் புத்தகமும் இருந்தால் போதும் என்று பலர் கிளம்பிவிடுகிறார்கள். அங்கேதான் சறுக்கல்.

பெரிய தவறு, நேரம். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை திறந்து வைத்தால் யார் வருவார்கள்? வயதான ஆண்கள் செய்தித்தாள் பார்க்க வருவார்கள், பையன்கள் வருவார்கள். பெண்கள் அந்த நேரத்தில் புல்லறுக்கவும் விறகுக்கும் போயிருப்பார்கள். அசார் மாதம், அதாவது ஜூன் ஜூலையில், நாற்று நடவு. அப்போது வகுப்பு வைத்தால் அறை காலியாகத்தான் இருக்கும். "பெண்களுக்கு ஆர்வமில்லை" என்று அறிக்கை எழுதுவதற்கு முன், எப்போது திறந்தால் வர முடியும் என்று அவர்களையே கேட்கலாமே. கைக்குழந்தையை விட ஓர் இடம் இருந்தால் இன்னும் நல்லது. குழந்தைகளுக்கு ஒரு மூலை என்பது அலங்காரம் இல்லை, அம்மா உள்ளே வருவதற்கான வழி.

அடுத்தது, மொழி. 2021 கணக்கெடுப்பின்படி நேபாளத்தில் எழுத்தறிவு ஆண்களிடம் 83.6 சதவீதம், பெண்களிடம் 69.4. அதே கணக்கெடுப்பு 124 தாய்மொழிகளைப் பட்டியலிடுகிறது. இப்படிப்பட்ட இடத்துக்கு நன்கொடையாக ஆங்கில நாவல்களை மூட்டை கட்டி அனுப்பினால் காலியாவது அனுப்பியவர் வீட்டு அலமாரி மட்டும்தான். புதிதாக எழுத்துக் கூட்டுபவருக்குப் பெரிய எழுத்தில் நேபாளிப் புத்தகம் வேண்டும். கணவர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ வேலை பார்க்கிற வீடுகளில் அதைவிட அவசரம், வங்கிப் படிவத்தையும் பணம் வந்த ரசீதையும் தானே படிப்பது.

நூலகத்தில் பெண்களுக்குத் தொழில் பயிற்சி என்றாலே தையல் என்பதும் ஒரு பழக்கம். நாற்பது வீட்டு ஊரில் இருபது தையல்காரர்கள் இருந்தால் துணி கொடுப்பவர் யார்? காளானா, ஆடா, தேனா, எது அந்த ஊரில் விலை போகும் என்று பார்த்துவிட்டுத்தான் பயிற்சி வைக்க வேண்டும்.

பணம்? திட்ட நிதி முடிந்ததும் கதவு பூட்டிக்கொள்ளும். அதனால் ரீட் முறையில் ஊர்க்காரர்களும் பங்கு போடுகிறார்கள். மரச்சாமான் பட்டறை, கடை வாடகை என்று வருமானத்துக்கு ஒரு தொழிலையும் சேர்த்தே தொடங்குகிறார்கள்.

அப்புறம், நூலகத்தை நடத்தும் குழு. தாளில் பாதிப் பேர் பெண்கள், காசோலையில் கையெழுத்து மட்டும் ஒரே ஐயாவுடையது என்றால் அது குழு இல்லை. பல ஊர்களில் ஆமா சமூஹ் எனப்படும் அம்மாக்கள் குழு ஏற்கெனவே இருக்கிறது. சேமிப்பும் பாதை வேலையும் பார்த்துப் பழகியவர்கள். புதுக் குழு உண்டாக்கி அவர்களை ஒதுக்காமல், வரவு செலவுப் புத்தகத்தை அவர்கள் கையில் கொடுக்கலாம். கதவுச் சாவியையும்தான்.