நகர மையக் கூரைச் சந்தைக்கு மறுபடி ஆள் வரவழைப்பது எப்படி: டர்பன் கடைக்காரர் சங்கங்களுக்கு

சந்தை நொடிந்தால் சங்கத்துக்கு முதலில் தோன்றுவது பெயின்ட், அடுத்து புதுப் பெயர்ப்பலகை, அதற்கும் அடுத்து சனிக்கிழமை மேளக் கச்சேரி. மூன்றையும் தள்ளிவையுங்கள். டர்பன் நகர மையத்தில் ஆள் பஞ்சம் கிடையாது. பேருந்து, ரயில், டாக்சி எல்லாம் கூடும் வார்விக் சந்திப்பை மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 4,60,000 பேர் கடக்கிறார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இத்தனை பேர் வெளியே நடந்துபோகும்போது ஏன் நம் வாசலில் திரும்புவதில்லை? இதற்குப் பதில் தெரியுமுன் செலவழிக்கிற ராண்ட் எல்லாம் வீண்.

முதல் வேலை எண்ணுவது

ஒவ்வொரு வாசலிலும் ஒருவரை நிறுத்துங்கள். காலை 7–9, மதியம் 12–2, மாலை 4–6 என்ற மூன்று வேளையிலும் இரண்டு தடவை, தடவைக்கு 15 நிமிடம் எண்ணினால் போதும். மாத நடுவில் ஒரு வேலைநாள், அரசு உதவித்தொகை கைக்கு வரும் முதல் வாரத்தில் ஒரு நாள், ஒரு சனிக்கிழமை. தீபாவளி வாரத்தில் எண்ணிவிட்டுத் தைரியம் கொள்ளாதீர்கள். அந்த வாரம் எந்தச் சந்தையும் நிறையும்.

வாசலைக் கடந்து போனவர், உள்ளே நுழைந்தவர், பையோடு வெளியே வந்தவர் என்று மூன்று பத்தியாகக் குறியுங்கள். 100 பேர் கடந்து 3 பேர் நுழைந்தால் கோளாறு வாசலில். 20 பேர் நுழைந்து 3 பேர்தான் பையோடு வந்தார்கள் என்றால் கோளாறு சரக்கிலோ விலையிலோ. இரண்டுக்கும் மருந்து வேறு. டாக்சி நிறுத்தத்திலிருந்து அடுத்த தெருவுக்குச் சந்தையைக் குறுக்குவழியாக வைத்திருப்பவர்களைத் தனியே குறியுங்கள். அவர்கள் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட ஆட்கள். நிறுத்திவைக்க ஒரு மேசைப் பழம் இருந்தாலே போதும்.

அடுத்து, கட்டடத்தின் வரைபடத்தில் ஒவ்வொரு கடைக்கும் நிறம் தீட்டுங்கள்: திறந்திருப்பது, காலி, பூட்டியிருந்தும் வாடகை வருவது. இந்த மூன்றாவது வகைதான் சந்தைக்கு வியாதி. வேறெங்கோ கடை வைத்திருப்பவர் இங்கே கிடங்கு வைத்திருப்பார். வாடகை ஒழுங்காக வருவதால் யாரும் கேட்பதில்லை. ஒரே வரிசையில் இப்படி நான்கு ஷட்டர் இறங்கிக் கிடந்தால் ஐந்தாவது கடை வரை யாரும் நடக்கமாட்டார்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, வாரம் 5 நாளாவது திறக்க வேண்டும், இல்லையேல் பின்புறக் கிடங்குக்கு மாற்றப்படும் என்று எழுதி வாங்குங்கள்.

நெருக்கி உட்காருங்கள்

120 கடைக் கட்டடத்தில் 50 கடைதான் ஓடுகிறதென்றால், அந்த ஐம்பதையும் பரப்பி வைத்தால் எல்லா மூலையும் இருட்டாகத்தான் தெரியும். முக்கிய வாசலை ஒட்டிய இரண்டு மூன்று வரிசைக்குள் அவற்றைக் கொண்டுவாருங்கள். மிச்சப் பகுதியை முழுச் சுவராகத் தெரியும்படி பலகை அடித்து மூடுங்கள். மேல்மாடி எப்போதும் முதலில் சாகும். அங்கே தையல், கடிகார ரிப்பேர், புடவை பால்ஸ் அடிப்பவர் போன்ற, தேடி வரும் வாடிக்கையாளர் உள்ள தொழில்கள் மட்டும் தாங்கும்.

இடம் மாறச் சொன்னால் சண்டை வரும். ஒரு கடை எண் மூன்று தலைமுறையாக ஒரே குடும்பத்திடம் இருக்கும். ஸ்டேங்கரிலிருந்து வருகிற பாட்டிகூட எண்ணைச் சொல்லித்தான் தேடுவார். அந்த எண் பலகையைக் கழற்றிப் புது இடத்தில் மாட்ட விடுங்கள். வரிசை எண்கள் குழம்பினால் குழம்பட்டும். மின் இணைப்பு, அலமாரி மாற்றும் செலவைச் சங்கமோ கட்டட உரிமையாளரோ ஏற்க வேண்டும். உணவு விற்பவருக்கு இன்னொன்று: 2018ஆம் ஆண்டின் ஆர்638 என்ற தென்னாப்பிரிக்க உணவுச் சுகாதார விதிப்படி பெற்ற சுகாதாரச் சான்றிதழ் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குச் செல்லாது. கடையை நகர்த்தும் முன்பே புது இடத்துக்கு விண்ணப்பியுங்கள். இல்லையென்றால் ஆய்வாளர் வந்து மூடும் முதல் கடை, நீங்கள் கெஞ்சி இடம் மாற்றிய கடையாக இருக்கும்.

வாசலில் எதை வைப்பது

அன்றாடம் வாங்கும் பொருளை வாசலில் வையுங்கள்: காய்கறி, பழம், கறிவேப்பிலை, கொத்தமல்லி. பாலையும் ரொட்டியையும் கடைசி மூலையில் வைத்து ஆளை உள்ளே இழுக்கும் சூப்பர் மார்க்கெட் தந்திரம் நொடிந்த சந்தையில் பலிக்காது. உள்ளே நடக்கலாம் என்ற நம்பிக்கையே அங்கு இல்லை.

மசாலா நம் சந்தைகளின் அடையாளம்தான். ஆனால் அதை மாதம் ஒருமுறைதான் வாங்குவார்கள். அதன் வேலை வாசனையால் ஆளை அழைப்பது. அரைவை இயந்திரத்துக்கு மேலே உறிஞ்சு விசிறி கட்டாயம். இல்லாவிட்டால் மிளகாய்த் தூள் பறந்து, பக்கத்துக் கடைக்காரர் இருமலோடு புகார் எழுதுவார். வறுப்பதும் மல்லி, சீரகம் அரைப்பதும் ஆள் நடமாடும் நேரத்தில், மிளகாய் அரைப்பது திறப்பதற்கு முன்பு. கூம்பாகக் குவித்து வைக்கும் தூளுக்கு அடியில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, மேலே 2 கிலோ மட்டும் போடுங்கள். டர்பன் கோடையின் ஈரத்தில் திறந்த தூள் கட்டி தட்டும். வெயில் நேராக விழுந்தால் மஞ்சளும் மிளகாயும் நிறம் வெளுக்கும். வெளுத்த மேல் பரப்பைப் பார்த்தவர் உள்ளே மூடி வைத்திருக்கும் நல்ல சரக்கையும் பழசு என்றுதான் எண்ணுவார்.

மீனும் இறைச்சியும் 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக்கூடாது, சூடாக விற்கும் உணவு 60க்குக் கீழே இறங்கக்கூடாது. மீன் பகுதியில் தரை சாக்கடைப் பக்கம் சரியாதவரை எவ்வளவு கழுவினாலும் நாற்றம் போகாது. மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் சரிவு வேண்டும். வார்விக்கில் மாட்டுத் தலை அவித்து விற்பவர்களுக்குத் தனி இடம் அமைத்தபோது, கொழுப்பு மழைநீர் வடிகாலில் போய் அடைப்பதைத் தடுப்பதும் அந்த வடிவமைப்பில் அடங்கியது. ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றி விற்கும் உங்கள் பன்னி சௌ கடைக்கும் அதுவே பொருந்தும்: கொழுப்புத் தொட்டி வையுங்கள், வாரம் ஒருமுறை அள்ளுங்கள்.

விளக்கும் நெருப்பும்

நடைபாதையில் 300 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு), சரக்கின் மேல் 500க்குக் குறையாத வெளிச்சம் இருக்கட்டும். போனில் உள்ள செயலி கொண்டு தோராயமாகப் பார்க்கலாம். மின்வெட்டுக்கான கணக்கு எளிது. 40 கடை, கடைக்கு 18 வாட் எல்இடி இரண்டு என்றால் 1,440 வாட். 4 மணி நேரத்துக்கு 5.76 யூனிட். லித்தியம் பேட்டரியை 80 சதவீதம் வரை காலி செய்யலாம் என்று வைத்து, இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் 8 யூனிட் கொள்ளளவு தேவை. இந்த இணைப்பில் யாரோ ஒருவர் 2,000 வாட் கெட்டிலைச் செருகுவார், மொத்தமும் அணையும். விளக்கு வயரைப் பிளக் இல்லாமல் நேராக இணைத்துவிடுங்கள்.

விக்டோரியா தெருவின் பழைய இந்தியச் சந்தை 1973இல் எரிந்துபோனது. எரிவாயு சிலிண்டர் கட்டடத்துக்கு வெளியே கூண்டில் இருக்க வேண்டும், அவசர வாசலில் அட்டைப்பெட்டி அடுக்கக்கூடாது. தீயணைப்பானை ஆண்டுக்கொரு முறை சோதித்துச் சீட்டு ஒட்ட வேண்டும்.

வாடகை

புதியவருக்கு முதல் 3 மாதம் கால் வாடகை, அடுத்த 3 மாதம் அரை, பிறகு முழுதும் என்பது வழக்கமான திட்டம். ஏழாம் மாதத்தில் பாதிப்பேர் கிளம்பிவிடுவதும் வழக்கம்தான், ஏனென்றால் சரக்கில் போட்ட பணம் அதற்குள் திரும்பியிருக்காது. அதனால் முழுக்கடைக்கு முன்னால் ஒரு படி வையுங்கள்: வாசலருகே 1.5 x 2 மீட்டர் மேசை, நாள் வாடகை. மேசையில் மூன்று மாதம் தாக்குப்பிடித்தவருக்கே கடை. பழையவர்கள் ‘எங்களுக்கு என்ன சலுகை?’ என்று கேட்பது நியாயம். நடப்பு வாடகையோடு பாக்கியில் பத்தில் ஒரு பங்கு கட்டினால் வட்டி இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

வெளியே நடைபாதையில் விற்பவர்களை விரட்டும் யோசனை ஒவ்வொரு கூட்டத்திலும் எழும். ஆட்களை வாசல் வரை கொண்டுவருவது அவர்கள்தான். வாசலுக்கு முன் 3 மீட்டர் வழியை விடச் சொல்லி, பதிலுக்கு இரவில் சரக்கு வைக்கப் பூட்டிய அறை, கழிப்பறை, தண்ணீர் கொடுங்கள். மூடிய பின்பகுதி அதற்குத்தான் உதவும். வார்விக்கில் உள்ள அதிகாலைச் சந்தையை இடித்து மால் கட்டும் திட்டம் 2009இல் வந்தபோது, உள்ளே கடை வைத்தவர்களும் வெளியே தெருவில் விற்றவர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள்; திட்டம் கைவிடப்பட்டது.

நாள்காட்டியைக் கையில் வையுங்கள். புரட்டாசியில் கறிக்கடை படுத்துவிடும், காய்க்கடை எழும். அந்த மாதம் கறிக்கடைக்காரருக்கு வாசல் மேசையில் மொச்சையும் பருப்பும் விற்க அனுமதி கொடுங்கள். தைப்பூசக் காவடிக்கும் பெரிய வெள்ளி மாரியம்மன் திருவிழாவுக்கும் கற்பூரம், தேங்காய், எலுமிச்சை, மஞ்சள் துணி இரண்டு வாரம் முன்பே இறங்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்து அதே வாசல், அதே வேளை, அதே மாதிரியான நாட்களில் திரும்ப எண்ணுங்கள். நுழைபவர் கூடிப் பை கூடவில்லை என்றால் மேசைகளின் சரக்கை மாற்றுங்கள். இரண்டுமே அசையவில்லை என்றால் நீங்கள் நெருக்கிய வரிசை தவறான வாசலை ஒட்டியிருக்கிறது. அடுத்த ஒப்பந்தச் சுற்றுக்குக் காத்திராமல் மேசைகளை மட்டும் மறு வாசலுக்கு நகர்த்திப் பாருங்கள்.