மனைத் தரகர்கள் மக்களோடு நேரில் பழக ஒரு வழி

விளம்பரத்துக்குப் பணம் செலவிடும் முன், மனைத் தரகர்கள் தங்கள் பகுதிக் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்துக்கு மாதந்தோறும் தவறாமல் சென்று அமர்வது நல்லது. அங்கே விற்பனைப் பேச்சைத் தொடங்க வேண்டாம். காலமான தந்தையின் பெயரில் உள்ள பட்டாவைப் பிள்ளைகளின் பெயருக்கு மாற்றுவது எப்படி, தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரங்களைக் கட்டணமின்றிப் பார்ப்பது எப்படி என்பன போன்ற, பல வீடுகளில் தீராமல் கிடக்கும் ஐயங்களுக்குப் பொறுமையாக விளக்கம் சொல்லுங்கள். வீட்டை விற்கும் எண்ணம் எழும்போது அவர்கள் உங்களை நினைவில் கொள்வார்கள்.

சார்பதிவாளர் அலுவலகத்தை ஒட்டி அமர்ந்திருக்கும் ஆவண எழுத்தர்கள், கட்டட மேஸ்திரிகள், தெருமுனை மளிகைக் கடைக்காரர் ஆகியோரின் அறிமுகமும் மிகவும் பயன்படும். எந்த வீடு காலியாகிறது என்பது பெரும்பாலும் இவர்களுக்கே முதலில் தெரியும். ஆனால் ஒரு குடும்பத்தின் கடனையோ பாகப்பிரிவினைப் பிணக்கையோ கேள்விப்பட்டால், அதை இன்னொரு வீட்டில் சொல்லவே கூடாது. இதில் ஒருமுறை தவறினாலும் அந்தத் தெருவில் நம்பிக்கை போய்விடும் என்பது என் உறுதியான கருத்து.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யப்பட்ட வீடு, மனைத் திட்டங்களில் தரகு செய்வோரும் அங்கே பதிவு பெற வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 9ஆம் பிரிவு கூறுவதால், முகவரி அட்டையில் உங்கள் பதிவு எண்ணை அச்சிடுங்கள். கூட்டம் முடிந்த அன்றிரவே, யார் என்ன கேட்டார் என்பதைக் குறித்துவைத்து, ஒரு வாரத்துக்குள் நேரில் சென்று பதில் சொல்லுங்கள்.