கதையில் வரும் போர் இயந்திரம் நிஜத்தில் தாங்குமா? ஒரே தாளில் கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

பதினெட்டு மீட்டர் உயர மனித உருவ ரோபோ, வானத்தில் மிதக்கும் விமானந்தாங்கிக் கப்பல், கையில் தூக்கிச் சுடும் லேசர் துப்பாக்கி. இதெல்லாம் நடக்குமா என்று கேட்டுப் பாருங்கள், ஒரு கூட்டம் "சுத்த கப்சா" என்னும், இன்னொரு கூட்டம் "இன்னும் ஐம்பது வருஷத்தில் வந்துவிடும்" என்னும். இரண்டு பேருமே கணக்குப் போடாமல் பேசுகிறார்கள். பள்ளிக்கூட இயற்பியலும் ஒரு கால்குலேட்டரும் இருந்தால் அரை மணி நேரத்தில் உருப்படியான பதில் கிடைத்துவிடும். கதை எழுதுகிறவர்களுக்கும், கேம் வடிவமைக்கிறவர்களுக்கும், சும்மா வாதத்தில் ஜெயிக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் வழி ஒன்றுதான்.

முதலில் "கட்ட முடியுமா" என்ற கேள்வியைத் தூக்கி ஓரமாக வையுங்கள். பணமும் பிடிவாதமும் இருந்தால் மனிதர்கள் எதையும் கட்டிவிடுவார்கள், வரலாறு முழுக்க அப்படிக் கட்டிய பைத்தியக்காரத்தனங்கள் கிடக்கின்றன. கேட்க வேண்டியது வேறு: இதே எடையையும் எரிபொருளையும் ஆட்களையும் ஒரு சாதாரண வண்டிக்குக் கொடுத்தால், இதே வேலையை அது இதைவிட நன்றாகச் செய்துவிடுமா? அதனால் தாளின் தலைப்பில் அந்த இயந்திரத்தின் வேலையை ஒரே வரியில் எழுதுங்கள். "எதிரியைப் பயமுறுத்துவது" என்பதெல்லாம் வேலை இல்லை. "சேற்று நிலத்தைத் தாண்டி ஒரு பீரங்கியைக் கொண்டுபோவது" என்பது வேலை. இந்த ஒரு வரியை எழுத முடியாமலேயே பாதி இயந்திரங்கள் விழுந்துவிடும்.

அடுத்தது எடை. கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலிலேயே இதைச் சொல்லிவிட்டார்: ஒரு உருவத்தை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்கினால் அதைத் தாங்கும் கால்களின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்கு ஆகும், எடையோ எட்டு மடங்கு ஆகும். 1.8 மீட்டர் உயரமும் 70 கிலோ எடையும் உள்ள ஒரு ஆளைப் பத்து மடங்கு பெரிதாக்குங்கள். உயரம் 18 மீட்டர், எடை ஆயிரம் மடங்கு, அதாவது 70 டன். கவனியுங்கள், இது சதையும் எலும்புமாக இருந்தாலே வரும் எடை, கவசத் தகடு போர்த்தினால் இன்னும் ஏறும்.

இந்த 70 டன் எங்கே போய் இறங்குகிறது? நடக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு பாதம்தான் தரையில் இருக்கும். நம் செருப்பு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர், அதை நூறு மடங்காக்கினால் 2 சதுர மீட்டர். ஆக ஒவ்வொரு அடிக்கும் சதுர மீட்டருக்கு 35 டன். 60 டன் டாங்கியின் இரண்டு சங்கிலிப் பட்டைகளும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு சுமார் 6 சதுர மீட்டர், எனவே அங்கே அழுத்தம் சதுர மீட்டருக்கு 10 டன்தான். கட்டடம் கட்டுகிறவர்கள் இளகிய களிமண்ணில் 7, 8 டன்னுக்கு மேல் ஏற்ற யோசிப்பார்கள். டாங்கியே மழைக்காலத்தில் புதைகிறது என்றால், மூன்றரை மடங்கு அழுத்தத்தோடு காலை ஊன்றுகிற நம் ரோபோ வயலில் எப்படி இறங்கும்? ஓடினால் இன்னும் மோசம், ஓடும்போது காலில் விழும் விசை உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு.

வேகத்தையும் பார்த்துவிடுவோம். நடை என்பது ஒருவகை ஊசல், கால் பத்து மடங்கு நீளமானால் ஒரு அடி வைக்கும் நேரம் பத்தின் வர்க்கமூலம், அதாவது மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல் நீளும். அடியின் நீளமும் பத்து மடங்கு என்பதால், மணிக்கு 5 கிலோமீட்டர் என்ற நம் இயல்பான நடைவேகம் அங்கே மணிக்கு 16 கிலோமீட்டர் என்று வரும். டாங்கி அறுபதைத் தாண்டிப் போகும். தடுக்கி விழுந்தால்? நெஞ்சுப் பகுதியில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர் மணிக்கு சுமார் 60 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுவார், எதிரி ஒரு தோட்டாகூடச் செலவழிக்க வேண்டியதில்லை. 18 மீட்டர் உயரத்தில் இருக்கும் தலை சமவெளியில் 15 கிலோமீட்டர் தூரத்திலிருந்தே தெரியும் என்பதையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானின் யோகோஹாமாவில் 2020 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை இதே உயரத்தில் கை கால் அசைக்கும் ஒரு ரோபோவை நிஜமாகவே நிறுத்திவைத்திருந்தார்களே என்று கேட்பீர்கள். அருமையான பொறியியல், சந்தேகமே இல்லை. ஆனால் அதன் எடை 25 டன், உள்ளே கவசமோ ஆயுதமோ கிடையாது, அதன் இடுப்பைப் பின்னாலிருந்து ஒரு தாங்கி பிடித்துக்கொண்டிருந்தது. கால் அசைந்தது, எடையைச் சுமந்தது அந்தத் தாங்கி.

கால்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அளவு சின்னதாக இருந்தால் கதை மாறும். அமெரிக்க ராணுவத்துக்காக 1960களில் நான்கு கால் நடை வண்டி ஒன்றைச் செய்தார்கள், சுமார் 1.4 டன். ஓட்டுகிறவர் தன் கைகால்களை அசைத்தே நான்கு கால்களையும் இயக்க வேண்டும். நடந்தது, தடைகள் மேல் ஏறியது, ஆனால் உள்ளே இருந்தவர் கொஞ்ச நேரத்திலேயே களைத்துப்போனார். பிறகு கணினி வந்து அந்தச் சிக்கலைத் தீர்த்தது. 180 கிலோ சுமக்கும் நான்கு கால் இயந்திரக் கழுதை ஒன்றை அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை சோதித்துப் பார்த்து, 2015 இறுதியில் கைவிட்டது. நடை நன்றாகத்தான் இருந்தது. பெட்ரோல் எஞ்சின் போட்ட இரைச்சலில் வீரர்கள் இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் காரணம். இன்று ராணுவத் தளங்களில் ரோந்து போகும் நாய் அளவு ரோபோக்கள் பேட்டரியில் ஓடுகின்றன, படி ஏறுகின்றன, விழுந்தால் எழுந்துகொள்கின்றன. எடை குறைந்ததும் முன்னால் போட்ட கணக்கெல்லாம் நமக்குச் சாதகமாகத் திரும்பிவிடுகிறது.

மிதக்கும் விமானந்தாங்கி

எனக்குப் பிடித்த கணக்கு இது. விசிறிகளை வைத்து அந்தரத்தில் நிற்க எவ்வளவு திறன் வேண்டும் என்பதற்கு ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது. எடையை நியூட்டனில் (கிலோவை ஏறத்தாழ பத்தால் பெருக்கினால் போதும்) எழுதி மும்மடி ஆக்குங்கள், காற்றின் அடர்த்தியையும் (கன மீட்டருக்கு 1.2 கிலோ) விசிறிகளின் மொத்தப் பரப்பையும் பெருக்கி அதை இரட்டித்து வருகிற எண்ணால் வகுங்கள், பிறகு வர்க்கமூலம் எடுங்கள். பெரிய விமானந்தாங்கிக் கப்பல் 1,00,000 டன். தலா 50 மீட்டர் விட்டமுள்ள நான்கு விசிறிகள் என்று தாராளமாகவே வைப்போம். விடை 230 ஜிகாவாட். ஒரு பெரிய அணு உலை தருவது சுமார் 1 ஜிகாவாட் மின்சாரம், எனவே 230 அணு உலைகளை அந்தக் கப்பலுக்குள் அடைக்க வேண்டும், அவற்றின் எடையைத் தூக்க இன்னும் உலைகள் வேண்டும். அதே கப்பல் கடலில் ஓட 0.2 ஜிகாவாட் போதும், ஏனென்றால் அதன் எடையைத் தண்ணீர் இலவசமாகத் தாங்குகிறது.

அப்படியானால் ஹீலியம் நிரப்பலாமே? ஒரு கன மீட்டர் ஹீலியம் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும். 1,00,000 டன்னுக்குப் பத்துக் கோடி கன மீட்டர், பக்கத்துக்கு 460 மீட்டருக்கு மேல் உள்ள ஒரு கனசதுரம். புயலில் அதை யார் பிடித்து நிறுத்துவது? இது வெறும் கேலி இல்லை. அமெரிக்கக் கடற்படை 1930களில் ஆக்ரான், மேக்கன் என்று இரண்டு வான்கப்பல்களை வைத்திருந்தது, சின்னச் சின்னப் போர் விமானங்கள் வயிற்றுக்குக் கீழே ஒரு கம்பியில் வந்து கொக்கி மாட்டித் தொங்கும், அப்படியே உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது. ஆக்ரான் 1933இல் புயலில் கடலில் விழுந்து 73 பேர் இறந்தார்கள், மேக்கன் 1935இல் விழுந்தது. கொக்கியில் வந்து தொங்குவதுதான் கஷ்டம் என்று நாம் நினைப்போம், ஆனால் இரண்டு கப்பலையும் கொன்றது காற்று.

சுடுவதற்கு முன் சூட்டைக் கேளுங்கள்

லேசர் என்றால் எல்லோரும் கேட்பது "மின்சாரத்துக்கு எங்கே போவது". கைத்துப்பாக்கி அளவில் பார்த்தால் கணக்கு நம்மை ஆச்சரியப்படுத்தும். ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் சுமார் 900 கிலோஜூல் இருக்கிறது, லேசர் அதில் மூன்றில் ஒரு பங்கை ஒளியாக மாற்றினாலும் 300 கிலோஜூல் கிடைக்கும். ஒரு கிலோ சாதாரண ரைஃபிள் தோட்டாக்கள் சுமார் எண்பது, அவற்றின் மொத்த ஆற்றல் 140 கிலோஜூல்தான். பேட்டரி ஜெயித்துவிட்டது!

சிக்கல் ஆற்றலில் இல்லை, அதை எவ்வளவு சீக்கிரம் வெளியே விடுகிறோம் என்பதில் இருக்கிறது. நகரும் ஆளின் மேல் ஒளிப்புள்ளி ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் நிற்கும் என்று வைத்துக்கொண்டால், 10 கிலோஜூல் இறக்க 50 கிலோவாட் லேசர் வேண்டும். அந்த அளவு லேசரை அமெரிக்கத் தரைப்படை எட்டுச் சக்கரக் கவச வண்டியில் ஏற்றித்தான் சோதித்தது. மூன்றில் இரண்டு பங்கு சூடாக மாறுகிறது என்பதையும் மறக்காதீர்கள், 50 கிலோவாட் ஒளி வெளியே போனால் 100 கிலோவாட் வெப்பம் உங்கள் கையிலேயே தங்கும். அதனால்தான் கப்பலுக்கு லேசர் பொருந்துகிறது, தோளுக்குப் பொருந்தவில்லை. அமெரிக்கக் கடற்படை 2014இல் 30 கிலோவாட் லேசரைக் கப்பலில் வைத்துச் சிறு ட்ரோன்களைச் சுட்டு வீழ்த்தியது. ஜம்போ விமானத்தின் மூக்கில் லேசர் பொருத்திய இன்னொரு திட்டமும் உண்டு. 2010இல் பறக்கும் ஏவுகணையை அது நிஜமாகவே அழித்தது, மறுவருஷமே திட்டத்தை மூடிவிட்டார்கள். வீச்சு போதாததால் அந்த விமானம் எதிரி நாட்டுக்குள்ளேயே வட்டமிட வேண்டியிருந்திருக்கும். தலைப்பில் எழுதிய அந்த ஒரு வரி வேலையை அதனால் செய்ய முடியாது, அவ்வளவுதான்.

விண்வெளிக் கப்பலுக்கு இந்தச் சூட்டுக் கணக்கு உயிர்நிலை. அங்கே காற்றும் இல்லை தண்ணீரும் இல்லை, வெப்பம் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேறும். அறை வெப்பநிலையில் உள்ள ஒரு சதுர மீட்டர் கறுப்புத் தகடு ஒரு பக்கத்தில் சுமார் 460 வாட்தான் வெளியே தள்ளும். 1 மெகாவாட் லேசர் வைத்தால் 2 மெகாவாட் கழிவு வெப்பம், இரண்டு பக்கமும் வெப்பம் விடும் தகடாக இருந்தாலும் 2,000 சதுர மீட்டருக்கு மேல் வேண்டும். தகட்டை இன்னும் சூடாக ஓட்டினால் பரப்பு குறையும், கெல்வினில் வெப்பநிலை இரட்டித்தால் வெளியேற்றம் பதினாறு மடங்கு. ஆனால் அவ்வளவு சூடான தகடு குளிர்ந்த வானத்தின் பின்னணியில் அகச்சிவப்புக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். விண்வெளியில் ஒளிந்து வரும் போர்க்கப்பல் என்று எழுதுகிறவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

வெடிமருந்துக்குப் பதிலாக இரண்டு உலோகத் தண்டவாளங்களில் மின்சாரம் பாய்ச்சிக் குண்டைத் தள்ளும் மின்காந்த ரெயில்கன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்கக் கடற்படை 2010இல் 33 மெகாஜூல் வரை சுட்டுக் காட்டியது, 2021இல் நிறுத்தியது. சுடச் சுடக் குழாயின் தண்டவாளங்கள் தேய்ந்துபோவது அதன் பெரிய தலைவலி. ஜப்பான் 2023இல் கப்பலிலிருந்து சுட்டுப் பார்த்திருக்கிறது.

போர்க்களத்துக்கு எப்படிப் போகும்?

இதைக் கேட்கப் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். ஜெர்மனி இரண்டாம் உலகப் போரில் 188 டன்னில் மவுஸ் என்ற டாங்கியைச் செய்தது. பாலங்கள் தாங்காது என்பதால் ஆற்றின் அடியிலேயே ஓட்டிப்போக வேண்டும் என்று திட்டம், அதுவும் கரையில் நிற்கும் இன்னொரு மவுஸ் கேபிள் வழியாக மின்சாரம் அனுப்ப வேண்டும். யோசித்துப் பாருங்கள், ஒரு ஆற்றைக் கடக்க இரண்டு டாங்கி. ரஷ்யாவில் 1915இல் ஒன்பது மீட்டர் சக்கரங்களோடு ஒரு ராட்சத வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள், முன்சக்கரங்கள் மரங்களையே சாய்த்தன, பின்னால் இருந்த சின்னச் சக்கரம் இளகிய மண்ணில் மாட்டிக்கொண்டது. இழுக்கவே முடியவில்லை, போர் முடிந்து 1923இல் பழைய இரும்பாக வெட்டி எடுக்கும்வரை அங்கேயே கிடந்தது. உங்கள் இயந்திரத்துக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்த ரயிலில் ஏறும், எந்தப் பாலத்தில் போகும், நின்றுபோனால் எது வந்து இழுக்கும்.

அதற்குக் கீழே, இதை அழிக்க எதிரியிடம் இருக்கும் ஆக மலிவான பொருள் எது என்று எழுதுங்கள். 2022க்குப் பிறகு உக்ரைனில் ஒரு ஆள் கையில் தூக்கிப்போகும் ட்ரோன்கள் டாங்கிகளை முடக்குவதைப் பார்த்துவிட்டோம். பெரிய கால், பெரிய மூட்டு, திறந்து கிடக்கும் ஹைட்ராலிக் குழாய் எல்லாம் அதற்கு நல்ல இலக்கு.

இவ்வளவுக்குப் பிறகும் ராட்சத ரோபோவை விட மனசில்லை என்றால், கதையை நிலவுக்குக் கொண்டுபோங்கள். ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு, எனவே அந்த 35 டன் அழுத்தம் 6 டன்னுக்கு இறங்கிவிடும், பூமியில் ஓடும் டாங்கியைவிடக் குறைவு. விழுந்தாலும் ஓட்டுநர் மோதும் வேகம் 60 இல்லை, ஏறத்தாழ 24. ஆனால் நடைவேகமும் அதே விகிதத்தில் குறைந்து மணிக்கு ஆறேழு கிலோமீட்டராகிவிடும், துரத்தும் காட்சி எழுதும்போது இதை மனதில் வையுங்கள். டீசல் எஞ்சினுக்கு அங்கே காற்று இல்லை, எனவே பேட்டரியோ அணு உலையோ வேண்டும். வெப்பத் தகடுகளை முதுகில் விரித்துக்கொண்டுதான் நடக்க முடியும், அவற்றில் ஓட்டை விழுந்தால் கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் அணைக்க வேண்டியிருக்கும். அதனால் படம் வரையும்போது துப்பாக்கிக்கு முன்னால் அந்தத் தகடுகளை வரைந்துவிடுங்கள், மிச்ச இடத்தில் ஆயுதம் எவ்வளவு கொள்ளும் என்று அப்புறம் பார்க்கலாம்.