மேசை மீது இரட்டை இறக்கை விமானங்கள்: பழைய வான்போர் விளையாட்டை மீண்டும் அமைக்கும் முறை

முதல் உலகப் போரின் விமானச் சண்டைகளை மேசை மீது நடத்திப் பார்க்கும் விளையாட்டு 1960களிலும் 70களிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பலரைக் கட்டிப்போட்டிருந்தது. பிரிட்டனில் வூல்வொர்த்ஸ் கடைகளில் பிளாஸ்டிக் பைகளில் மலிவாகக் கிடைத்த ஏர்ஃபிக்ஸ் மாதிரி விமானங்களே பல சிறுவர்களின் முதல் விமானப்படை. அமெரிக்காவில் மைக் கார் 1966இல் உருவாக்கிய ‘ஃபைட் இன் த ஸ்கைஸ்’ என்னும் விளையாட்டு, 1968இல் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவில் நடந்த முதல் ஜென் கான் என்னும் விளையாட்டு ஆர்வலர் கூடுகையில் தொடங்கி, பல தலைமுறைகளாக அக்கூடுகைகளில் ஆடப்பட்டு வருகிறது. இன்று அந்த அனுபவத்தை மீட்க விரும்புவோருக்கு வண்ணம் பூசிய விமானங்கள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. 2004இல் இத்தாலியில் வெளிவந்த ‘விங்ஸ் ஆஃப் வார்’ விளையாட்டும், அதன் வழித்தோன்றலான ‘விங்ஸ் ஆஃப் குளோரி’யும் நகர்வுகளைச் சீட்டுகளில் அச்சிட்டுத் தருகின்றன. அவை நல்ல விளையாட்டுகள்தான். ஆயினும் காகிதமும் பென்சிலும் கொண்டு ஆடிய அந்தப் பழைய ஆட்டத்தின் சுவை வேறு. அதைக் கையாலேயே அமைத்துக்கொள்வதைப் பற்றியது இக்குறிப்பு.

முதலில் அளவைத் தீர்மானியுங்கள். பிரிட்டனின் சாப்வித் கேமல் விமானத்தின் இறக்கை அகலம் ஏறத்தாழ 8.5 மீட்டர், 72இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 118 மில்லிமீட்டரும், 144இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 59 மில்லிமீட்டரும் வரும். பெரியது கண்ணுக்கு அழகு, ஆனால் நான்கு விமானங்கள் நெருங்கியதும் இறக்கைகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். 60 மில்லிமீட்டர் அறுகோணக் கட்டங்கள் வரைந்த துணியில், 144இல் ஒரு பங்கு விமானம் ஒரு கட்டத்துக்குள் சரியாக அடங்கிவிடும். 180 சென்டிமீட்டர் நீளமும் 120 சென்டிமீட்டர் அகலமும் உள்ள துணி ஆறு பேருக்குப் போதும்.

விமானத்தை ஒட்டும்போது கீழ் இறக்கையை உடலோடு பொருத்தி, பசை முழுதும் இறுகிய பிறகே தாங்குகால்களையும் மேல் இறக்கையையும் ஏற்ற வேண்டும்; அவசரப்பட்டால் மேல் இறக்கை ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், அதைப் பிறகு திருத்துவது கடினம். இறக்கைகளுக்கு இடையே ஓடும் இழுகம்பிகளுக்கு, பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே காட்டி, இளகியதும் மெல்ல இழுத்தால் மயிரிழை போன்ற நூல் கிடைக்கும். காட்சிக்கு வைக்கும் விமானத்துக்கு அது சிறப்பு. கைபட்டு ஆடும் விமானத்துக்கு அதைத் தவிர்த்துவிடுவதே நல்லது. தாங்கிக்கு, பழைய டிரான்சிஸ்டர் வானொலியில் இருக்கும் இழுத்து நீட்டும் ஏரியலைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. அதைக் கனமான அடித்தட்டில் நட்டு, நுனியில் விமானத்தைப் பொருத்தினால், எத்தனை கணு நீண்டிருக்கிறது என்பதே விமானத்தின் உயரத்தைக் காட்டிவிடும்.

இனி விதிகள். ஒரு கட்டத்தை 50 மீட்டராகவும், ஒரு சுற்றை 4 நொடிகளாகவும், ஏரியலின் ஒரு கணுவை 20 மீட்டர் உயரமாகவும் கொள்ளுங்கள். மணிக்கு ஏறத்தாழ 185 கிலோமீட்டர் வேகம் கொண்ட கேமலும் மூன்றடுக்கு இறக்கை கொண்ட ஜெர்மனியின் ஃபோக்கரும் 4 நொடியில் சுமார் 205 மீட்டர் கடக்கும். எனவே அவற்றுக்குச் சுற்றுக்கு 4 கட்டங்கள். 220 கிலோமீட்டரை எட்டும் பிரிட்டனின் எஸ்.ஈ.5ஏ விமானத்துக்கு 5 கட்டங்கள். ஏறும்போது சுற்றுக்கு ஒரு கணு, இறங்கும்போது மூன்று கணு வரை அனுமதிக்கலாம். கட்டத்தின் 50 மீட்டர் அளவோடு ஒப்பிட்டால் மேசையில் விமானம் பலமடங்கு பெரிதாகத் தெரியும் என்பது உண்மைதான்; அதைப் பற்றிக் கவலைப்படாமல் ஆடுவது இவ்விளையாட்டின் தொன்றுதொட்ட வழக்கம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு விதி: ஒவ்வொருவரும் தம் நகர்வைப் பிறருக்குக் காட்டாமல் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். நேராகச் செல்ல ‘நே’, வலப்புறம் திரும்பி நகர ‘வ’, இடப்புறத்துக்கு ‘இ’ என்று ‘நே நே வ நே’ போல ஒரு நிமிடத்துக்குள் எழுதிவிட்டு, அனைவரும் தாள்களைத் திறந்து, கட்டம் கட்டமாக ஒரே நேரத்தில் நகர்த்த வேண்டும். ஒருவர் பின் ஒருவராக நகர்த்தினால் இது சதுரங்கமாகிவிடும். எதிரி எங்கே போவான் என்று கணித்து எழுதுவதும், கணிப்புத் தவறி இருவரும் ஒருவரையொருவர் கடந்து வெற்று வானத்தைப் பார்த்து நிற்பதும்தான் ஆட்டத்தின் உயிர். வேறு எந்த விதியை மாற்றினாலும் இதில் கைவைக்காதீர்கள்.

விமானங்களின் குணவேறுபாட்டை ஒன்றிரண்டு விதிகளே கொண்டுவந்துவிடும். கேமலின் எஞ்சின் முழுதும் சுழல்விசிறியோடு சேர்ந்து சுழன்றதால் அவ்விமானம் வலப்புறம் மிக விரைவாகத் திரும்பியது. ஆகவே அதற்கு ‘வ’ அடுத்தடுத்து இரண்டு முறை வரலாம், ‘இ’ என்றால் முன்னே இரண்டு ‘நே’ இருக்க வேண்டும். ஃபோக்கர் இருபுறமும் தாராளமாகத் திரும்பட்டும். எஸ்.ஈ.5ஏ இரு திருப்பங்களுக்கு நடுவே ஒரு ‘நே’ எழுத வேண்டும். மேலிருந்து பாய்ந்து, சுட்டுவிட்டு, விலகிப்போவதே அதற்குரிய சண்டைமுறை. ஜெர்மனியின் அல்பட்ராஸ் விமானங்களின் ஒடுங்கிய கீழ் இறக்கை செங்குத்துப் பாய்ச்சலில் முறியக்கூடியது. 1917 ஜனவரியில் புகழ்பெற்ற ஜெர்மானிய விமானி ரிக்டோஃபனின் அல்பட்ராஸிலேயே பறக்கும்போது கீழ் இறக்கை விரிசல் கண்டது. எனவே அது ஒரே சுற்றில் மூன்று கணு இறங்கினால் பகடை உருட்டுங்கள். 1 விழுந்தால் இறக்கை போயிற்று.

சுடுவதற்கு எதிரி நேர் முன்னால், ஒரு கணு உயர வேறுபாட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு கட்டத் தொலைவில் நான்கு பகடை, இரண்டில் இரண்டு பகடை, அதற்கு அப்பால் எதுவுமில்லை. 5 அல்லது 6 விழும் ஒவ்வொரு பகடையும் ஓர் அடி, எட்டு அடி விழுந்தால் விமானம் வீழும். எஸ்.ஈ.5ஏயின் மேல் இறக்கையில் இருந்த லூயிஸ் துப்பாக்கியின் உருளையில் 97 குண்டுகளே இருந்தன. தொடர்ந்து சுட்டால் பத்து நொடிக்குச் சற்று மேல்தான் தாங்கும். மூன்று சுற்றுச் சுட்டதும் பகடை பாதியாகக் குறையும். விமானி ஒரு முழுச் சுற்று நேராகப் பறந்தால்தான் உருளையை மாற்றலாம். அந்த நான்கு நொடியில் பின்னால் யார் வருகிறார்கள் என்ற பதற்றம் மேசையைச் சுற்றி நிற்பவர்களையும் பற்றிக்கொள்ளும்.

முதல் ஆட்டத்துக்கு 1918 வசந்தகாலத்தைத் தேர்ந்தெடுத்து, இரண்டு கேமல்களையும் ஓர் எஸ்.ஈ.5ஏயையும் இரண்டு ஃபோக்கர்களுக்கும் ஓர் அல்பட்ராஸுக்கும் எதிரே நிறுத்துங்கள். காலத்தைச் சற்றே நகர்த்தி ஜூலைக்குக் கொண்டுசென்றால், எஸ்.ஈ.5ஏக்கு பிரிட்டிஷ் விமானப்படையின் 40ஆம் படைப்பிரிவின் அடையாளங்களை இட்டு, அதே மாதத்தில் பத்து வெற்றிகளைப் பெற்று, 22ஆம் தேதி சுட்டு வீழ்த்தப்பட்ட கல்கத்தாவின் இந்திரலால் ராயின் விமானமாக அதை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு விமானிக்கும் ஒரு பெயர் வைத்து, பறப்புகளையும் வெற்றிகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். ஐந்தாறு பறப்புகளைத் தாண்டிய விமானியை வைத்திருப்பவர், அடி பலமாக விழுந்ததும் வெற்றியை விட்டுவிட்டுத் தம் எல்லைக்குத் திரும்பவே ‘நே நே நே நே’ என்று எழுதுவார். விதிப்புத்தகத்தில் அதற்கு இடமளித்து, தம் பக்க ஓரத்தை எட்டிய விமானத்தைத் தப்பியதாகவே கணக்கிடுங்கள்.