கால் வளைந்த தாடி ஓணானுக்குக் கூண்டு அமைப்பது எப்படி?

எங்கள் முத்து ஒரு தாடி ஓணான். கடைகளில் பியர்டட் டிராகன் என்பார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டில் வளர்க்க முடியாமல் கொடுத்ததை நாங்கள் எடுத்துக்கொண்டோம். குட்டியாக இருந்தபோது கால்சியமும், அதை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும் புற ஊதா பி (UVB) ஒளியும் போதாமல் எலும்புகள் மெலிந்து, முன்னங்கால் இரண்டும் வில் மாதிரி வளைந்துவிட்டன. முதுகில் கூன், கோணிய கீழ்த்தாடை, பின்னங்காலில் இரண்டு விரல்கள் கிடையாது. நோய் நின்றாலும் வளைந்த எலும்பு நிமிராது. ஆகவே கூண்டைத்தான் அதன் உடம்புக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும்.

கூண்டு வாங்குவது, தெர்மோஸ்டாட் மாட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. முதலில் எக்ஸ்ரே

இருப்பது பழைய ஊனமா, இன்னும் நடந்துகொண்டிருக்கும் நோயா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுங்கள். விரல்கள் நடுங்கினாலோ, தாடை ரப்பர் போல வளைந்தாலோ, நேற்று நடந்தது இன்று பின்னங்காலை இழுத்தாலோ, வால் நுனி கறுத்து ஏறினாலோ காத்திருக்காதீர்கள்.

2. தரை

மணல் வேண்டவே வேண்டாம். வயிற்றைத் தேய்த்து நகரும் ஓணான் வாயில் அது போய்விடும். வழுக்கும் டைல்ஸும் கூடாது, கால் அகன்று இன்னும் வளையும். அலமாரியில் விரிக்கும் சொரசொரப்பான ரப்பர் விரிப்புதான் என் தேர்வு. கழுவிக் காயவைக்கலாம், நகமும் மாட்டாது.

3. விளக்கின் உயரம்

என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நல்ல கால் உள்ள ஓணான் கட்டையில் ஏறி வெயில் காயும். வளைந்த காலால் ஏற முடியாது, ஏறினாலும் விழுந்து எலும்பு முறியும். சரி என்று மேடையைத் தரையோடு தாழ்த்தினால் ஒளியும் சூடும் எட்டாமல் போகும். அப்போது மேடையோடு விளக்குகளையும் இறக்க வேண்டும்.

நான் வைத்திருப்பது புற ஊதா பி ஒளி தரும் ஒல்லியான குழல் விளக்கு, பெட்டியில் 12% டி5 (T5) என்று போட்டிருக்கும். இடையில் கம்பி வலை இல்லாவிட்டால் முதுகிலிருந்து 35 முதல் 45 செ.மீ. தள்ளி இருக்கட்டும். வலை ஒளியில் கணிசமான பங்கைத் தடுத்துவிடும், அது இருந்தால் 25 முதல் 30 செ.மீ. போதும். உங்கள் விளக்கின் பெட்டியில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். அளப்பது தரையிலிருந்து அல்ல, கூனின் உச்சியிலிருந்து. கூன் விழுந்த முதுகு மற்ற இடங்களைவிட விளக்குக்கு நெருக்கம், முதலில் சுடுவதும் அங்கேதான்.

வெயில் காயும் மேடையின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி, மறுமுனை 24 முதல் 28 டிகிரி இருக்கட்டும். ஒட்டு டயல் வெப்பமானியை நம்பாதீர்கள், குறிபார்த்து அளக்கும் இன்ஃப்ராரெட் கருவி வாங்குங்கள். மெதுவாக நகரும் ஓணானால் சூட்டிலிருந்து சட்டென்று விலக முடியாது. அதனால் மேடையை ஒட்டியே, இரண்டு அடி எடுத்து வைத்தால் போய்ச் சேரும்படி, ஒரு நிழல் குகை வையுங்கள். சூடேறும் கல் என்று விற்பதை வாங்கவே வேண்டாம், வயிறு வெந்துபோகும்.

குழல் எரிந்துகொண்டிருந்தாலும் புற ஊதா பி குறைந்துகொண்டே வரும். வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

4. சாப்பாடு

கோணல் தாடையால் பெரிய இலையைக் கடித்து இழுக்க முடியாது. பொடியாக நறுக்கி, விளிம்பில்லாத தட்டில் வையுங்கள். முருங்கைக்கீரை, பட்டர்நட் பூசணித் துருவல், கடுகுக்கீரை நல்லவை. கட்டுக்கட்டாக விற்கும் ஸ்பினாச்சையும் தண்டுக்கீரையையும் தினமும் போடாதீர்கள், அவற்றிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவகாடோ கூடவே கூடாது.

வெட்டுக்கிளியைத் துரத்திப் பிடிக்க வளைந்த காலால் ஆகாது. கருப்புச் சிப்பாய் ஈயின் புழுவை இடுக்கியால் கொடுக்கிறேன், அதில் இயல்பாகவே கால்சியம் அதிகம். இரவில் கூண்டுக்குள் பூச்சி மிஞ்சக் கூடாது, ஓணானையே கடிக்கும். கால்சியம் தூள் எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

5. குளியலும் தோலுரிப்பும்

ஊனமான விரலிலும் வால் முனையிலும் பழைய தோல் வளையமாக நின்றுவிடும். அது இறுகினால் ரத்தம் போகாமல் மிச்ச விரலும் போய்விடும். தோலுரிக்கும் காலத்தில் வெதுவெதுப்பான நீரில் நிற்க வையுங்கள். 30 டிகிரியை ஒட்டியிருந்தால் போதும், நீர் ஓணானின் முழங்கைக்கு மேல் ஏறக் கூடாது. கால் பிடித்துக்கொள்ள அடியில் துண்டை மடித்துப் போடுங்கள், பக்கத்தை விட்டு நகராதீர்கள். பிறகு ஈரப் பஞ்சால் மெதுவாக உருட்டுங்கள். வராவிட்டால் விடுங்கள், நாளைக்கு வரும். பிடித்து இழுக்கக் கூடாது.

தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு, ஒரு கை இடுப்புக்கு. முத்துவின் முதுகு தொங்கினால் அதற்கு வலிக்கிறது என்று எனக்குக் கண்ணிலேயே தெரியும்.

பிற்சேர்க்கை 1: டோங்காட்டிலிருந்து ஓர் அக்கா, ஜன்னலோரம் வைத்தால் போதாதா என்று கேட்டிருந்தார். போதாது அக்கா, கண்ணாடி புற ஊதா பி ஒளியைத் தடுத்துவிடும். முற்றத்தில் காயவைப்பதானால் பாதி நிழல் விழும் கம்பிக் கூண்டில் வையுங்கள். கண்ணாடித் தொட்டி சில நிமிடங்களிலேயே கொதிக்கும். கூடவே உட்காருங்கள், நம் பக்கம் குரங்கும் ஹடீடா பறவையும் சும்மா விடாது.

பிற்சேர்க்கை 2: லோட் ஷெடிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு) வந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். சுடுநீர்ப் பையைக் கனத்த துண்டில் சுற்றிக் கூண்டின் ஒரு மூலையில் வையுங்கள். உடம்போடு ஒட்டக் கூடாது. வெளியே கம்பளி போர்த்துங்கள், காற்றுக்கு இடம் விட்டு. மின்சாரம் வந்து உடம்பு சூடேறும் வரை தீனி போடாதீர்கள், குளிர்ந்த வயிற்றில் உணவு செரிக்காது. முதுகு வளைந்த ஓணான்களுக்கு மலச்சிக்கல் எளிதில் வரும், மின்வெட்டுக்குப் பிறகான நாட்களில் அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.