களிம்பு வாங்கும் முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

மண்டபம், தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரையோர ஊர்களில் சுகாதாரச் செவிலியராக வீடு வீடாகப் போகிறவள் நான். குழந்தையைக் கையில் வாங்கும் முன்பே அதன் தோலில் வந்திருப்பதைக் காட்டித் தாய்மார்கள் கேட்டுவிடுவார்கள்: "அக்கா, இதற்கு என்ன களிம்பு போடலாம்?" கீழக்கரைப் பக்கம் போனால் "லாத்தா" என்று ஆரம்பிக்கும் அதே கேள்வி. நான் பதிலுக்கு மூன்று கேள்விகள் கேட்பேன். உடம்பில் எந்த இடத்தில் முதலில் வந்தது? எந்த நேரத்தில் அதிகம் அரிக்கிறது? வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது? இந்த மூன்றுக்கும் சரியான பதில் கிடைத்துவிட்டால் பெரும்பாலும் நோய் இன்னதென்று பிடிபட்டுவிடும். களிம்பின் பெயர் கடைசியாக வர வேண்டிய விஷயம்.

பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. தோல் நோய்ப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரக் குழந்தைகளின் படங்கள்தான். அதனால் "சிவந்து தடித்திருக்கும்" என்றே எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். நம் பிள்ளைகளின் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பைத் தேடினால் ஏமாந்துபோவோம். இங்கே அது கருத்துத் தெரியும், ஊதா சாயலாகத் தெரியும், சில நேரம் சாம்பல் பூத்தது போலத் தெரியும். குழந்தையைத் திண்ணைக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். புறங்கையை வைத்துத் தொடுங்கள். சூடும் சொரசொரப்பும் தடிப்பும் கண்ணுக்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும்.

வேர்க்குருவை எல்லோருக்கும் தெரியும். கழுத்து மடிப்பு, முதுகு, நெற்றி ஆகிய இடங்களில் ரவையைத் தூவிவிட்டது போலக் கைக்கு நெருடும். வியர்வைத் துவாரம் அடைபடுவதால் வருவது இது. அதன் மேல் பவுடரைக் கொட்டுவதும் எண்ணெய் தடவுவதும் அடைப்பை அதிகமாக்கும். சேலைத் தொட்டிலில் முதுகு நனைய நனையத் தூங்கும் குழந்தையைக் கொஞ்ச நேரம் பாயில் காற்றோட்டமாகக் கிடத்துங்கள். ஈரத் துணியால் துடைத்து, மெல்லிய பருத்திச் சட்டை போடுங்கள், அல்லது சட்டையே வேண்டாம். அரிப்பு அதிகமானால் காலமைன் லோஷன் போதும். சில நாளில் அமுங்கிவிடும்.

நான் அதிகம் சொல்ல நினைப்பது சொறியைப் பற்றி. இதற்குக் காரணம் கண்ணுக்கு எட்டாத ஒரு சிறு பூச்சி. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பெண் பூச்சி தோலின் மேலடுக்கில் குடைந்து முட்டையிடும். குழந்தையின் விரல் இடுக்கை விரித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: சில மில்லிமீட்டர் நீளத்தில் சாம்பல் வெண்மையாக, நெளிந்த ஒரு கோடு, அதன் முனையில் புள்ளி போன்ற ஒரு கொப்புளம். அதுதான் பூச்சி போன வழி. விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்புக் கயிறு படும் இடம், பிட்டம், ஆண் குழந்தைகளுக்குப் பிறப்புறுப்பு ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். கைக்குழந்தைகளுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலை, முகம் வரை வரும். பகலில் சும்மா இருக்கும் குழந்தை ராத்திரி படுத்ததும் அழுது பிறாண்டினால் சொறியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இதில் மூன்றாவது கேள்விதான் உயிர்நாடி. முதல் தடவை பூச்சி தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே சில வாரங்கள் ஆகலாம். "எனக்கு ஒன்றும் இல்லையே" என்று சொல்கிற பாட்டியிடமும் பூச்சி இருக்கலாம். ஒரே பாயில் படுக்கும் குழந்தைக்கு மட்டும் மருந்து போட்டால், பத்து நாளில் பாட்டியிடமிருந்தே அது திரும்பி வந்துவிடும். அப்புறம் மருந்தின் மேல் பழி விழும். வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒரே இரவில் மருந்து போட வேண்டும், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். கடலுக்குப் போகிற வீடுகளில் இதுதான் சிக்கல்: அப்பா படகில் இருப்பார், மாமா வலை பின்னப் போயிருப்பார். எல்லோரும் கரையில் இருக்கிற இரவாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிறவர்களும் வீட்டில் இருக்கும் அந்த நாட்களில் தெரு முழுக்கச் சேர்ந்து மருந்து போட முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

மருந்து, ஐந்து சதவீத பெர்மெத்ரின் களிம்பு. இரண்டு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு இதை நீங்களாகப் போடக் கூடாது, டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். மற்றவர்களுக்குக் கழுத்திலிருந்து கால் நகம் வரை ஓர் இடம் விடாமல் தடவுங்கள். தொப்புள், நகத்தின் அடி, விரல் இடுக்கு எதையும் விட்டுவிடாதீர்கள். கைக்குழந்தைக்குக் கண்ணையும் வாயையும் விட்டுத் தலை, முகத்துக்கும் தடவ வேண்டும், கையைச் சப்பாமல் இருக்கக் காலுறை மாட்டிவிடுங்கள். பால் கொடுக்கும் தாய் மார்பைக் கழுவிவிட்டுக் கொடுத்து, பிறகு மறுபடி தடவிக்கொள்ளலாம். எட்டு முதல் பதினான்கு மணி நேரம் கழித்துக் குளிப்பாட்டுங்கள். ராத்திரி போட்டால் காலையில் குளிக்கலாம். ஒரு வாரம் கழித்து இதே போல இன்னொரு முறை. மருந்து வேலை செய்த பிறகும் அரிப்பு இரண்டு மூன்று வாரம் இருக்கும். அதைப் பார்த்து மருந்தைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். அலமாரியில் காமா பென்சீன் ஹெக்ஸாகுளோரைடு என்று எழுதிய பழைய பாட்டில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். சிறு குழந்தைக்கு வலிப்பைக் கொண்டுவரக்கூடியது அது. மண்ணெண்ணெயும் வேண்டாம்.

"எல்லாத் துணியையும் வெந்நீரில் துவைக்க வேண்டும்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். குடம் தண்ணீர் காசு கொடுத்து வாங்குகிற ஊரில் அதை எப்படிச் செய்வது? அன்றிரவு உடுத்திய துணி, போர்வை, தலையணை உறை ஆகியவற்றை மட்டும் வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். மீதியைப் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி ஓரமாக வைத்துவிடுங்கள். மனித உடம்பை விட்டு அந்தப் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது. நான்காம் நாள் பையைப் பிரித்துக்கொள்ளலாம்.

சொறிந்த இடத்தில் சீழ் பிடித்து, தேன் நிறத்தில் பொருக்குத் தட்டினால் அது சிரங்கு. மூக்கின் கீழும் வாய் ஓரத்திலும் தானாகவும் வரும். இங்கே மஞ்சளையோ சாம்பலையோ அப்பிவிடுகிறார்கள். அடியில் சீழ் கூடுவது தெரியாமலே போய்விடுகிறது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் துணியை நனைத்துப் பொருக்கின் மேல் வைத்து, ஊறியபின் மெதுவாக எடுங்கள். ஒன்றிரண்டு புண் என்றால் டாக்டர் தரும் மியூபிரோசின் களிம்பு போதும். பரவியிருந்தாலும் காய்ச்சல் இருந்தாலும் வாய்வழி மருந்து தேவைப்படும். துண்டைத் தனியாக வையுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள். புண் ஆறிச் சில வாரங்களுக்குள் காலையில் முகம் வீங்கினாலும், சிறுநீர் பால் கலக்காத தேநீர் நிறத்தில் போனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிரங்குக் கிருமியின் தொடர்ச்சியாகச் சிறுநீரகம் பாதிக்கப்படுவது உண்டு.

படர்தாமரை வட்டமாக, ஓரம் தடித்து நடு தெளிந்து வரும். மருந்துக்கடையில் "படர்தாமரைக்கு" என்று கேட்டதும் எடுத்துத் தரும் கலவைக் களிம்புகள்தான் எனக்கு மிகவும் கவலை தருபவை. டியூபில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்ற பெயர் இருந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், வட்டம் மறையும். நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பி வரும், குழந்தையின் தோலும் மெலிந்துபோகும். தனி குளோட்ரிமசோல் களிம்பைத் தினம் இருமுறை, வட்டத்தைத் தாண்டி ஒரு விரற்கடை வரை தடவுங்கள். மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள். தலையில் முடி கொட்டி வட்டமாக வந்தால் களிம்பு எடுபடாது, உள்ளுக்கு மருந்து வேண்டும். பூவரசங்காயைக் கீறி அந்த மஞ்சள் பாலைத் தடவுகிற வழக்கம் இங்கே உண்டு. பெரியவர்கள் தங்கள் தோலில் செய்துகொள்ளட்டும், சிறு குழந்தையின் தோலில் வேண்டாம்.

கன்னத்தில் வெளிறிய தேமல் வந்தால் "வயிற்றில் பூச்சி" என்பார்கள். பெரும்பாலும் அது வறண்ட தோலில் வரும் சாதாரணத் தேமல், தேங்காய் எண்ணெயும் பொறுமையும் போதும். குடற்புழு மாத்திரையை அதற்குரிய காரணத்துக்குக் கொடுங்கள். ஆனால் உடம்பில் எங்காவது ஒரு தேமலில் உணர்ச்சி குறைந்திருந்தால், கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொடும்போது குழந்தை அந்த இடத்தைக் காட்டத் தவறினால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டாயம் காட்டுங்கள். தொழுநோய்க்கான கூட்டு மருந்து இலவசம். ஆரம்பத்தில் கொடுத்தால் ஊனமில்லாமல் முழுவதும் குணமாகும். வெட்கப்பட்டு மறைத்தால்தான் கெடுதல்.

கரப்பான் (எக்ஸிமா என்னும் வறண்ட, அரிக்கும் தோல் நோய்) இருக்கும் குழந்தைக்கு நம் தண்ணீரே பாதிப் பகை. உவர் நீரில் சோப்பு நுரைக்காது. நுரைக்கவில்லை என்று இரண்டாம் தடவை போடுவார்கள், தோல் இன்னும் வறளும். கைக்குழந்தைக்குக் கன்னத்திலும், வளர்ந்த பிள்ளைக்கு முழங்கை, முழங்கால் மடிப்பிலும் சொரசொரப்பாகத் தெரியும். அழுக்குப் பட்ட இடத்துக்கு மட்டும் சோப்பு. குளியலைச் சுருக்கமாக முடித்து, ஈரத்தை ஒற்றியெடுத்த உடனே தேங்காய் எண்ணெயோ வாசனை இல்லாத கிரீமோ தாராளமாகத் தடவுங்கள். கடலில் ஆடிவிட்டு வந்தால் ஒரு சொம்பு நல்ல தண்ணீரையாவது ஊற்றுங்கள், உப்பு காய்ந்தால் எரியும்.

கடலில் சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்ட இடத்தை மணலால் தேய்க்காதீர்கள். கடல் தண்ணீராலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழையைக் குச்சியால் எடுத்துவிட்டு, குழந்தை தாங்கும் சூட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மூச்சுத் திணறினால் வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் 108.

அதே அவசரம் இவற்றுக்கும்: காய்ச்சலோடு வரும் புள்ளிகள் கண்ணாடி டம்ளரை அழுத்தியும் மறையாமல் இருப்பது, உதடும் கண்ணும் வீங்குவது, தோல் தானாக உரிவது, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது. ஒரு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒரு சீழ்க் கொப்புளம் வந்தாலும் அன்றே காட்டிவிடுங்கள். அவசரமில்லாத சந்தேகத்துக்கு 104-ல் அழைத்துக் கேட்கலாம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது இதுவரை போட்ட களிம்பு டியூப் எல்லாவற்றையும், காலியானதாக இருந்தாலும், கையோடு எடுத்துப்போங்கள். நோயின் உருவத்தை எந்த மருந்து மாற்றியிருக்கிறது என்று டாக்டருக்கு அதைப் பார்த்தால்தான் தெரியும்.